ஒரு கதிரை தள்ளி

பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் பேரனுக்காகக் காத்து நிற்கும் அம்மம்மா ஒருவர் என்னைக் காணும்போதெல்லாம் "ரீச்சர்" என்றே அழைப்பார். "நான் ரீச்சர் இல்லை அம்மா, ரீச்சருக்கு உதவியாக நிற்கிறவள்" என்று தொடக்கத்தில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "அது பரவாயில்லை ரீச்சர், பிள்ளை என்ன மாதிரிப் படிக்கிறான்?" என்று அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். வடமேற்கு லண்டனில் தமிழர்கள் செறிந்து வாழும் ஹரோ பகுதியின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் நான் பார்க்கும் வேலைக்கு 'ரீச்சிங் அசிஸ்ரன்ற்' என்று பெயர். எல்லோரும் சுருக்கமாக 'ரி.ஏ.' என்பார்கள். தமிழில் இதற்கு ஒரு சொல் இன்னும் நிலைபெறவில்லை. 'ஆசிரிய உதவியாளர்' என்று எழுதினால், இலங்கையில் குறைந்த கொடுப்பனவுக்கு மலையகப் பாடசாலைகளில் வகுப்பு முழுவதையும் தாங்கியவர்களின் நினைவு வந்துவிடுகிறது. என் வேலை அதுவுமன்று. ஆகவே இங்கும் ரி.ஏ. என்றே எழுதுகிறேன்.

ஊரில் நான் சில ஆண்டுகள் தனியார் கல்வி நிலையம் ஒன்றில் சாதாரணதர மாணவருக்குக் கணிதம் படிப்பித்தவள். கரும்பலகையின் முன்னால் நின்று, கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பேசத் தெரியும். ஆனால் முழங்கால் உயரமேயுள்ள கதிரையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, மற்றவர்கள் குழம்பாதபடி காதோடு பேசத் தெரியாது. இங்கே ஆசிரியராவதற்குப் பொதுவாகப் பட்டமும் ஆசிரியத் தகுதிநிலையும் வேண்டும். ரி.ஏ. வேலைக்கு அவை கட்டாயமல்ல. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அடிப்படைத் தேர்ச்சி, குற்றப் பின்னணிச் சோதனை, பிள்ளைகளோடு பழகிய அனுபவம் ஆகியவற்றையே பெரும்பாலும் பார்ப்பார்கள். நான் முதலில் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தேன். பிறகு வகுப்பறைக்கான சான்றிதழ்ப் படிப்பை முடித்து உள்ளே வந்தேன்.

இந்த வேலை இங்கிலாந்தில் பெருகியதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைப்பதற்காக அரசும் பெரும்பாலான தொழிற்சங்கங்களும் 2003 ஜனவரியில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 2005 செப்டெம்பர் முதல், ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தில் குறைந்தது 10 வீதம், பாடங்களைத் திட்டமிடுவதற்கும் மதிப்பிடுவதற்கும் ஒதுக்கப்பட்டது. ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே இருக்கும் அந்த நேரத்தில் உள்ளே ஒருவர் நிற்க வேண்டுமல்லவா? போட்டோப் பிரதி எடுப்பது, சுவரில் படம் ஒட்டுவது போன்ற வேலைகளும் ஆசிரியரின் கையிலிருந்து எங்கள் கைக்கு வந்தன. இவற்றுக்கு அப்பால், விசேட தேவையுள்ள பிள்ளைகள் பொதுப் பாடசாலைகளிலேயே படிக்க வேண்டும் என்ற கொள்கையும் எங்கள் எண்ணிக்கையைக் கூட்டியது.

சம்பளத்தைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் ஆண்டு முழுவதும் முழுநேரம் வேலை செய்பவருக்கு உரியது. எங்களுடைய ஒப்பந்தமோ பாடசாலைத் தவணைகளுக்கு மட்டும், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 39 வாரங்களுக்கு. அதற்கும் உரிய விடுமுறை நாட்களுக்குமான தொகையைக் கணக்கிட்டுப் பன்னிரண்டு பங்காக்கித் தருவார்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து, பிழையாக அச்சடித்துவிட்டார்கள் என்று அலுவலகத்துக்குப் போய்க் கேட்டவள் நான்.

நான் இருப்பது ஆண்டு ஒன்று வகுப்பில். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். இந்த வயதினருக்கு ஓர் ஆசிரியருடன் முப்பது பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். இந்த ஆண்டின் பெரிய காரியம் 'ஃபொனிக்ஸ்', அதாவது எழுத்துகளை அவற்றின் ஒலிகளாகச் சொல்லி, அந்த ஒலிகளைக் கோத்து வாசிக்கும் முறை. 'எம்' என்று நாம் பெயர் சொல்லிப் படித்த எழுத்தைப் பிள்ளைகள் 'ம்' என்று சொல்ல வேண்டும். 'ம' என்றோ 'மு' என்றோ உயிரொலி ஒட்டிவிடக் கூடாது. முதல் பயிற்சி நாளில் என்னோடு இருந்தவர்கள் அந்த ஒட்டை உதறச் சிரமப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அது நமது மெய்யெழுத்தே. ம், ன், ல் என்று புள்ளி வைத்து உச்சரித்து வளர்ந்தவருக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆவதும் அவர்கள் சொல்லும் கோத்தலுக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் அந்தப் பெருமை நெடுநேரம் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் உதட்டைக் குவித்துச் சொல்லும் ஒலிக்கும் பல்லால் உதட்டைத் தொட்டுச் சொல்லும் ஒலிக்கும் நான் ஒரே 'வ' வைத்திருந்தேன். வகுப்பாசிரியை என்னைத் தனியே அழைத்து அதை மெதுவாகச் சுட்டிக் காட்டினார். இரண்டு வாரம் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று பழகினேன்.

ஆண்டு ஒன்றின் ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியரின் முன் தனியே அமர்ந்து 40 சொற்களை வாசிக்க வேண்டும். 2012 முதல் நடக்கும் சோதனை அது. சொற்களில் பாதி உண்மையானவை; மறு பாதிக்குப் பொருளே கிடையாது. மனப்பாடமாகச் சொல்லாமல் எழுத்துகளைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்களா என்று அறிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பொருளற்ற சொல்லின் பக்கத்தில் விசித்திரமான பிராணி ஒன்றின் படம் இருக்கும். பிள்ளைகள் அவற்றை 'ஏலியன் சொற்கள்' என்பார்கள்.

அம்மம்மாவின் பேரன் இந்தச் சோதனைக்குத் தயாராகச் சிரமப்பட்ட பிள்ளைகளில் ஒருவன். வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்து, பாடசாலைக்கு வந்த பிறகே ஆங்கிலத்தைக் கேட்கத் தொடங்கியவன். என்னை அவனுடைய மேசையில் அமரச் சொன்னார்கள். நான் என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். பென்சிலைத் தீட்டிக் கொடுத்தேன். திகதியை மெல்லிய கோடாக எழுதிக் கொடுத்து அதன்மேல் எழுதச் செய்தேன். ஆசிரியை கேட்கும் கேள்வியைத் தமிழில் அவன் காதில் திருப்பிச் சொன்னேன். அவன் வாய் திறப்பதற்குள் விடையின் முதல் ஒலியையும் எடுத்துக் கொடுத்தேன். அவனுடைய கொப்பி அந்த மேசையிலேயே அழகானதாக இருந்தது. வாசலில் அம்மம்மாவைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு நிமிர்வு. பிள்ளையின் முன்னேற்றத்தைப் பற்றி வகுப்பாசிரியைதான் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்பதால், "நல்ல பிள்ளை அம்மா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவைப்பேன்.

தைமாதக் குளிரில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது அவனுடைய கொப்பியில் அந்த இரண்டு நாளுக்குரிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவன் குழப்படி செய்யவில்லை, அழவுமில்லை. பென்சிலைக் கையில் பிடித்தபடி என் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று வகுப்பாசிரியை சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்கோ அந்த அழகான கொப்பியைத் திருப்பிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அதில் இருந்தது முழுக்க என் வேலை.

அதற்குப் பிறகு வந்த ஒரு பயிற்சி நாளில், விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியை ஓர் ஆய்வைப் பற்றிப் பேசினார். பீற்றர் பிளட்ச்ஃபோர்ட் தலைமையில் லண்டன் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2003 முதல் ஐந்தாண்டுகளாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடத்தியது அது. ரி.ஏ.க்களின் உதவியை அதிகம் பெற்ற பிள்ளைகள், அதே நிலையிலிருந்து குறைவான உதவி பெற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். முன்பிருந்த தேர்ச்சியையும் விசேட தேவைகளையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. மண்டபத்தில் இருந்த ரி.ஏ.க்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் பக்கத்தில் இருந்தவர், பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ளவர், பேனாவை மூடிவைத்துவிட்டார்.

ஆய்வாளர்கள் பழியை எங்கள்மேல் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையை ரி.ஏ.யிடம் ஒப்படைத்துவிடுவதால், அந்தப் பிள்ளைக்கு ஆசிரியரோடு பேசக் கிடைக்கும் நேரம் குறைந்துவிடுகிறது. அன்றைய பாடம் என்னவென்று எங்களுக்கும் பிள்ளைகளோடு சேர்ந்தே தெரியவருகிறது. முன்கூட்டிப் பேச ஆசிரியருக்கும் எங்களுக்கும் சம்பளத்துக்குட்பட்ட நேரம் இல்லை. இவை பாடசாலை நிர்வாகம் திருத்த வேண்டியவை. ஆனால் மூன்றாவதாக அவர்கள் சொன்னது என் கொப்பியைப் பற்றியது: பிள்ளை கற்றதா என்பதைவிட, கொடுத்த வேலை முடிந்ததா என்பதிலேயே ரி.ஏ.யின் கவனம் போய்விடுகிறது.

இப்போது எங்களுக்குச் சொல்லித் தரும் முறையில் உதவிக்கு ஒரு படிவரிசை இருக்கிறது. முதலில் ஒன்றும் செய்யாமல் காத்திருத்தல். பிறகு "இதற்கு முன் என்ன செய்தாய்?" என்பது போல ஒரு தூண்டுதல். அதுவும் போதாவிட்டால் ஒரு சிறு துப்பு. அதன் பின்னரே செய்து காட்டுதல். திருத்துவது எல்லாவற்றுக்கும் கடைசி. நான் அதுவரை கடைசிப் படியிலிருந்து தொடங்கியவள். இந்த வரிசையில் மிகக் கடினமானது முதற்படி. பத்து விநாடி பேசாமல் இருப்பது, அதுவும் தாய்மொழியில் ஒரே சொல்லில் தீர்த்துவிடக்கூடிய தடுமாற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது, நெஞ்சில் கல் வைத்தது போல இருக்கும். நான் என் கதிரையை முதலில் ஒரு கதிரை தள்ளிப் போட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். நான் பக்கத்துப் பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். ஆண்டு ஒன்று வகுப்பில் அவிழ்ந்த நாடாவுக்கு ஒருபோதும் பஞ்சமில்லை. முதல் வாரத்தில் அவன் பெயரைக்கூட எழுதவில்லை. இரண்டாவது வாரத்தில் திகதியை எழுதினான், ஐந்தைத் திருப்பிப் போட்டு. கொப்பி அசிங்கமாகிக்கொண்டு வந்தது. வாசலில் அம்மம்மாவின் கண்ணைத் தவிர்த்தேன்.

வைகாசியில் ஒருநாள், தாழ்வாரத்துச் சிறு மேசையில் நாலு பிள்ளைகளை வைத்து ஏலியன் சொற்களைப் பயிற்றிக்கொண்டிருந்தேன். அட்டைகளை முதல்நாள் இரவு நானே வீட்டில் எழுதியிருந்தேன். அவனுடைய முறை வந்தபோது எம், யு, என் என்ற மூன்று எழுத்துகள் கொண்ட அட்டை வந்தது. விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து "ம்... அ... ன்" என்று ஒலித்தான். கோத்துச் சொன்னான். சரியாகவே சொன்னான். அட்டையை ஏலியன் கட்டில் வைப்பதற்காக நான் கையை நீட்டினேன், அவன் கொடுக்கவில்லை.

"மிஸ், இது ஏலியன் சொல் இல்லை" என்றான், தமிழில்.

"ஏன் இல்லை?"

"இது மண். அம்மம்மா பூச்சாடிக்குள்ளே போடுறது."

அதுவரை அவன் என் சொல்லை ஒருநாளும் மறுத்ததில்லை. மற்ற மூன்று பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அது அந்த 'ண்' இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பத்து விநாடி காத்திருந்தேன். பிறகு அவனிடமே அட்டையை விட்டுவிட்டு, அடுத்ததை எடுத்து வைத்தேன்.