மணலோடு போய், கங்கையோடு திரும்பி

அப்பாவுக்கு எண்பது நெருங்கும்போதுதான் பல வீடுகளில் காசி ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவர் வேண்டிக்கொண்டது எப்போதோ, நிறைவேறியது இப்போது. விஸ்வநாதர் கிருபையில் நல்லபடியாகவே முடிந்தது. ஆனாலும் போய் வந்தவர்கள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் மடங்குகிற வயதிலேயே அழைத்துப் போய்விடுங்கள். இந்த யாத்திரை முழுக்க படி, படகு, தரையில் உட்காருவது, இந்த மூன்றுதான்.

வழி எல்லோருக்கும் தெரிந்ததே: ராமேஸ்வரம், பிரயாகை, காசி, கயை, மறுபடி ராமேஸ்வரம். ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகையில் கரைத்து, அங்கே முகந்த கங்கையைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதுதான் முறை. நேரே வாராணசிக்கு விமானம் ஏறிவிட்டு "ராமேஸ்வரத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்கள் இப்போது அதிகம். மணல் இல்லாமல் பிரயாகைக்குப் போய் எதைக் கரைப்பது?

அக்னி தீர்த்தத்தில் சங்கல்பம் செய்து, ஈர மணலில் சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர் என மூன்று லிங்கம் பிடித்துப் பூஜை ஆனதும், வேணி மாதவரை மட்டும் பிரயாகைக்கு எடுத்துப் போக வேண்டும். இரண்டு கைப்பிடி போதும், மூட்டை கட்ட வேண்டாம். ஈர மணலை அப்படியே துணியில் முடிந்தால் இரண்டாம் நாளே நாறும். உப்புத் தண்ணீர் கசிந்து பெட்டியில் இருக்கிற வேஷ்டியெல்லாம் பிசுபிசுக்கும். அறையில் செய்தித்தாள் மேல் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஓர் இரவு காயவைத்து, மறுநாள் பட்டுத்துணியில் முடிந்து, அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடத்தான் வேண்டும் என்று அப்பாக்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து கோடி தீர்த்தத்தில் முடிவதற்குள் ஈரக் கருங்கல்லில் வெறுங்காலோடு நீண்ட நடை. வழுக்கி விழுவதெல்லாம் கிணற்றடியில் இல்லை. ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குக் கூட்டத்தோடு ஓடும்போதுதான். அதனால் குழுவோடு ஓடாமல் கடைசியில் போங்கள். வாளி இறைப்பவரிடம் "பெரியவர், தலையில் கொட்டாதீங்க, தோளில் ஊத்துங்க" என்று முதல் கிணற்றிலேயே சொல்லிவிட்டால் கேட்பார்கள். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். மாற்று வேஷ்டியும் துண்டும் கையோடு இருக்கட்டும்.

ரயில் விஷயம். 2022 டிசம்பரில் நின்றுபோன ராமேஸ்வரம் ரயில், புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு மறுபடி தீவுக்குள் வருகிறது. சென்னையிலிருந்து போவதானால் வாரத்தில் இரண்டு நாள் கங்கா காவேரி இருக்கிறது, ரயிலில் இரண்டு இரவு. அப்பாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்காவிட்டால் தேதியை மாற்றுங்கள், பயணத்தை நடத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய வடக்கே பனிமூட்டம், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம். ஆடி, ஆவணியில் கங்கை ஏறிப் படித்துறையெல்லாம் முழுகிவிடும். தை மாதம் பிரயாகையில் மாக மேளாக் கூட்டம். ஐப்பசி, கார்த்திகை அல்லது மாசி, பங்குனிதான் பெரியவர்கள் உடம்புக்கு ஒத்துவரும். இறங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பிரயாக்ராஜ் சியோக்கி என்பது யமுனைக்கு இந்தப் பக்கம் நைனியில் இருக்கிறது, ஊருக்குள் இருக்கிற ஜங்ஷன் வேறு. காசிக்கும் அப்படியே. வாராணசி ஜங்ஷன், பழைய மண்டுவாடியான பனாரஸ், கங்கைக்கு அக்கரையில் பழைய முகல்சராயான தீன் தயாள் உபாத்யாயா எல்லாமே "காசி"தான். சடங்குகளைச் செய்துவைக்கிற, வண்டி அனுப்புகிற வாத்தியாரிடம் எந்த ஸ்டேஷன் என்று பெயரைச் சரியாகச் சொல்லாவிட்டால் அவர் ஓரிடத்தில், நீங்கள் ஓரிடத்தில்.

பிரயாகையில் முண்டனம், காசியில் தண்டம், கயையில் பிண்டம் என்பார்கள். முண்டனம், அதாவது மொட்டை, முடிந்து படகில் ஏறினால், சங்கமத்துக்கு நடுவே படகுகளைச் சேர்த்துக் கட்டிய மேடை. கங்கை கலங்கலாக வர, யமுனை பச்சையாக வந்து சேருகிற கோடு கண்ணுக்கே தெரியும். சரஸ்வதி தெரிய மாட்டாள், அவள் இருக்கிறாள். இங்கே ஆபத்து தண்ணீரில் இல்லை, படகிலிருந்து மேடைக்குக் கால் வைக்கிற அந்த ஓரடியில். படகை முன்னும் பின்னும் இரண்டு கயிற்றால் கட்டச் சொல்லி, ஒருவர் மேடையில் இறங்கி நின்று கை கொடுத்த பிறகே அப்பாவை எழுப்புங்கள்.

மேடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் வாத்தியார் அல்லாத ஒருவர் தேங்காயைக் கையில் திணித்துச் சங்கல்பம் சொல்ல ஆரம்பிப்பார். கோத்திரம், நட்சத்திரம் என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் "ஏக சஹஸ்ர" என்று ஒரு தொகையையும் சேர்த்துச் சொல்ல வைப்பார். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். முடிந்ததும், "கங்கை சாட்சியா ஆயிரம் தர்றேன்னு சொன்னீங்களே!" சாமி பெயரால் இப்படிப் பிடுங்குவதைப் பார்க்கையில் வயிறு எரிகிறது. வாத்தியாரை ஊரிலிருந்தே பேசிவைத்து, படகு, பிண்ட சாமான், தட்சிணை, போஜனம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்வது ஒன்றே வழி.

தம்பதியாகப் போகிறவர்களுக்கு வேணி தானம் உண்டு. மனைவியின் பின்னல் நுனியைக் கணவன் நறுக்கிச் சங்கமத்தில் விட வேண்டும். பிறகு வேணி மாதவர் மணலைக் கரைத்துவிட்டு, திரும்ப எடுத்துப் போகிற கங்கையை இங்கேயே முகந்துகொள்ளுங்கள். காசியிலிருந்து கங்கையோ மண்ணோ எடுத்து வரக் கூடாது என்பது பெரியவர்கள் சொன்னது. பிளாஸ்டிக் கேனின் மூடி ரயில் ஆட்டத்தில் கசியும். மூடிக்கு மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, துணியால் கட்டி, நிறுத்தியே வையுங்கள். விமானமானால் கையில் விடமாட்டார்கள், லக்கேஜில்தான் போட வேண்டும். சங்கமத்துக்குப் பக்கத்திலேயே காஞ்சி மடத்தின் சங்கர விமான மண்டபம். கோட்டைக்குள் இருக்கிற அக்ஷயவடம் என்கிற ஆலமரத்தையும் இப்போது எல்லோரும் தரிசிக்கலாம். அப்பா களைத்திருந்தால் இரண்டில் ஒன்று போதும்.

காசியில் அனுமான் காட், கேதார் காட் பக்கம் தங்கினால் பாதிக் கவலை விட்டது. தமிழ் கேட்கும், இட்லி கிடைக்கும், தெருவில் யாரிடமும் வழி கேட்கலாம். பாரதியார் சிறுவயதில் அத்தை வீட்டில் இருந்ததும் இதே அனுமான் காட்டில்தான். கேதார் காட்டில் குமரகுருபரர் வழிவந்த குமாரசாமி மடமும் கேதாரேஸ்வரரும். ஆனால் கேதார் காட் படிகள் செங்குத்து. காலையில் ஒருமுறை இறங்கி ஏறினாலே அன்றைய கணக்கு தீர்ந்தது. அசி, தசாஸ்வமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, ஆதிகேசவம் ஆகிய பஞ்ச தீர்த்தத்தையும் ஒரே படகில் முடித்துக்கொள்ளலாம், பிண்டமும் படகிலேயே. ஒவ்வொரு படித்துறையிலும் அப்பா இறங்க வேண்டியதில்லை.

விஸ்வநாதர் கோயிலுக்குள் செல்போன், பை, பெல்ட், பேனா எதுவும் கூடாது. அறையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். வாசலில் "லாக்கர் ஃப்ரீ, வாங்க சாமி" என்று தமிழிலேயே கூப்பிடுகிற கடைக்காரர் லாக்கரோடு ஐநூறு ரூபாய்ப் பூஜைத் தட்டையும் தலையில் கட்டுவார். பணம் கட்டிப் போகிற தரிசனம் உண்டு. அதைக் கோயில் கவுண்டரிலோ கோயிலின் இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள். "விஐபி லைன், பத்தே நிமிஷம்" என்று சந்தில் நிற்கிறவரிடம் வேண்டாம். கோயிலுக்குப் பக்கத்துச் சந்திப்பான கோதோலியாவுக்கு அப்பால் வண்டி போகாத நேரங்கள் உண்டு. சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லி வையுங்கள். 2021 டிசம்பரில் புது வளாகம் திறந்த பிறகு கங்கைக் கரையிலிருந்தே, லலிதா காட் வழியாக ஏறி வரலாம் என்றாலும் அதுவும் படிதான்.

மாலை சப்தரிஷி பூஜைக்கு முன்னால் கோதோலியாப் பக்கம் நின்றால் "சம்போ, சம்போ" என்று குரல் கேட்கும். நகரத்தார் சத்திரத்திலிருந்து பாலும் வில்வமும் பூஜைச் சாமானும் கோயிலுக்குப் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற சத்திரம்! அந்தக் கூடைக்கு வழி விட்டு ஒதுங்கும் வடநாட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் தமிழ் மனசுக்கு ஒரு குளிர்ச்சி. சந்நிதியில் மூன்று விநாடி. பள்ளத்துக்குள் வெள்ளிப் பீடம், அதற்குள் சின்னஞ்சிறு மூர்த்தி. தள்ளுகிறார்கள், அப்பாவின் வாய் "நம" என்று தொடங்கி முடிக்கும் முன் வெளியே வந்தாயிற்று. போதும். அதற்கே ஜன்மம் எடுக்க வேண்டும்.

விசாலாட்சியைப் பார்க்கும்போது முன்னால் இருக்கிற பெரிய விக்ரகத்தோடு திரும்பிவிடாதீர்கள். பின்னால் சின்னதாகக் கறுத்திருக்கிற ஆதி விசாலாட்சியைக் கேட்டுப் பாருங்கள். அன்னபூரணி, காலபைரவர், கறுப்புக் கயிறு... இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

கயைக்கு வருவோம். இதற்குத்தான் இத்தனை தூரம்.

தகப்பனார் இருக்கிற பிள்ளைக்குக் கயையில் கையில் எள் கிடையாது. அப்பா செய்வார், பிள்ளை பை தூக்குவான். பல்குனி நதிக்கரை, விஷ்ணு பாதம், இங்கேயும் இருக்கிற ஓர் அக்ஷயவடம் மூன்றும் முடிய காலை ஏழிலிருந்து மத்தியானம் இரண்டு ஆகும். அதுவரை சாப்பாடு இல்லை. சர்க்கரைக்காரர்கள் வழக்கமான மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் பதினோரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். அன்றைக்கு மாத்திரையை எப்படிப் போடுவது என்று ஊரிலேயே டாக்டரிடமும், நடுவில் பாலோ பழமோ எடுக்கலாமா என்று வாத்தியாரிடமும் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். நல்ல வாத்தியார் யாரும் மாட்டேன் என்பதில்லை. சம்மணம் போட முடியாதவருக்கு உயரமான மணை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அறுபத்துநான்கு பிண்டத்துக்கும் பெயர் வேண்டும். அப்பா வழி மூன்று தலைமுறை, அம்மா வழி மூன்று, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, குரு, நண்பர், வேலை செய்தவர்கள் என்று கோத்திரத்தோடு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போங்கள். எங்கே தடுக்கும் என்றால் பாட்டிகளிடம். "அம்மாப்பாட்டி" என்றே கூப்பிட்டுப் பழகியவளின் பெயர் யாருக்கும் தெரியாது. கயையில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போடுவதைவிட, புறப்படும் முன் வீட்டின் மூத்த அத்தையிடம் ஒரு மாலை உட்கார்ந்து எழுதி வாங்குவது மேல்.

அந்த அறுபத்துநான்கில் பதினாறு அம்மாவுக்கு மட்டும். மாத்ரு ஷோடசி. வாத்தியார் ஒவ்வொரு சுலோகமாகச் சொல்லித் தமிழிலும் அர்த்தம் சொல்வார். என்னைச் சுமந்துகொண்டு மேடு பள்ளத்தில் நடந்தாயே, அதற்கு ஒரு பிண்டம். மாதாமாதம் பட்ட வேதனைக்கு ஒன்று. எனக்காகக் கசப்புக் கஷாயம் குடித்தாயே, அதற்கு ஒன்று. ராத்திரி நான் நனைத்த புடவையிலேயே படுத்திருந்தாயே, அதற்கு ஒன்று. எனக்கு ஜுரம் வந்தபோது அரற்றினாயே, அதற்கு ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் "தஸ்ய நிஷ்க்ரமணார்த்தாய மாத்ருபிண்டம் ததாம்யஹம்", அதற்கு நிவர்த்தியாக இந்தப் பிண்டத்தை அம்மாவுக்குத் தருகிறேன் என்று. நாலாவது, ஐந்தாவது சுலோகத்துக்குள் எழுபது, எண்பது வயது மனிதர்கள் தோள் குலுங்கி அழுகிறார்கள். வரிசையாக எல்லோரும். பல்லில்லாத வாயால் "அம்மா" என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு, தன் அப்பா ஒருத்திக்குக் குழந்தை என்பது அங்கேதான் உறைக்கிறது. கண்ணைத் துடைத்துவிடக் கை நீளும், தொடக் கூடாதோ என்று தயங்கும். துண்டைக் கொடுங்கள், தப்பில்லை. கதாதரா, இதைக் காண வைத்தாயே!

பிறகு கயாவாலி, அதாவது கயையின் பரம்பரைப் பண்டா, வந்து எல்லாம் திருப்தி என்று சொல்ல வேண்டும். அங்கேயும் பேரம் நடக்கும். அப்பா அழுது ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தொகை பேசுவார்கள். முன்பே பேசிய தொகையோடு நிறுத்துங்கள்.

அக்ஷயவடத்தடியில் இனிமேல் தொடுவதில்லை என்று ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை விட வேண்டும். வாழ்நாளில் தொடாத கொவ்வைக்காயை விடுகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. உணர்ச்சிவேகத்தில் கத்தரிக்காயை விட்டுவிட்டு ஊரில் திண்டாடுகிறவர்களும் உண்டு. இலையில் மட்டும் உஷார்: வாழையிலையை விட்டுவிட்டால் கல்யாணப் பந்தியில் என்ன செய்வீர்கள்? ஆலிலை உத்தமம்.

திரும்ப ராமேஸ்வரம். கங்கையை மூடி பிரிக்காமல் அப்படியே கொண்டு போய்க் காலையில் அபிஷேகச் சீட்டு வாங்குங்கள். கோயிலில் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். செம்புப் பாத்திரத்துக்கு மாற்றித் தர வேண்டியிருக்கும், ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். ராமநாதர் மேல் அந்தத் தண்ணீர் விழுகிற சத்தம் அதிகம் போனால் பத்து விநாடி. செம்பைத் திருப்பித் தரும்போது அடியில் சொட்டு ஈரம் தங்கியிருக்கும். கவிழ்த்துவிடாமல் அப்பா தலையில் தெளித்துவிடுங்கள்.