ஊரணி டைரி

மே 4, ஞாயிறு
வாட்ஸ்அப் குரூப்ல பதினோரு பேர் தம்ஸ்அப் போட்டாங்க, காலைல ஆறு மணிக்கு வந்தது நாலு பேர், அதுலயும் ஒருத்தன் செல்ஃபி எடுத்துட்டு டீ குடிக்கப் போனவன் போனவன்தான். ராமநாதபுரம் ஜில்லால ஊரணி தூர்வாரப் போறோம்னா முதல்ல சீமைக்கருவேலத்தோட மல்லுக்கட்டணும். வெட்டினா போதாது, மறுபடி துளுத்துரும், வேரோட பிடுங்கணும். முள்ளு செருப்பைத் துளைச்சு குதிகாலுக்கே வந்துருச்சு.

மே 11
பிடுங்கின மரத்தை கரிமூட்டம் போடுற அண்ணன் எடுத்துக்கிட்டார், அந்தக் காசுலதான் ஜேசிபி ரெண்டு நாளைக்கு. போறப்ப கேட்டார், "எல்லாத்தையும் பிடுங்கிட்டா நாங்க எதைம்மா எரிக்கிறது?" என்கிட்ட பதில் இல்ல.

மே 18
இன்னிக்கு பெரிய கூத்து. ஆழமா தோண்டினா நிறைய தண்ணி நிக்கும்னு நாங்க நினைச்சு ஜேசிபிகாரர்கிட்ட இன்னும் ரெண்டடி போங்கண்ணேன்னு சொல்லிட்டு இருக்கோம், அப்பத்தா கரைல இருந்து கத்திக்கிட்டே இறங்கி வருது. பக்கெட்ல வந்த மண்ணை ஒரு பிடி எடுத்து எச்சில் தொட்டு உருட்டுச்சு, கோலிக்குண்டு மாதிரி பளபளன்னு சாம்பல் கலர்ல நின்னுச்சு. "இது களி. இதுதாண்டி தண்ணியப் பிடிச்சு வச்சிருக்கு. இதை உடைச்சீங்க, கீழ இருந்து உப்பு ஏறிரும்." அதோட நிறுத்தியாச்சு. மேல அள்ளின கரம்பை மண்ணை வயலுக்கு ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

ஜூன் 8
இளைஞர் திட்டங்களுக்கு நிதி தர்ற ஒரு இடத்துக்கு ஃபார்ம் ரொப்பினேன். ஐ.நா. 2015-ல போட்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குல உங்க வேலை எதுல வருதுன்னு கேள்வி. 6, குடிநீரும் சுகாதாரமும். உள்ள போய்ப் படிச்சா 6.6-ல நீர்நிலைகளைக் காக்கணும் மீட்கணும்னு இருக்கு, ஆனா அதுக்கு அவங்க வச்ச கெடு 2020! 6.பி-ல உள்ளூர் மக்களும் பங்கெடுக்கணும்னு இருக்கு, அது அப்பத்தாவுக்குன்னே எழுதினது. "பயனாளிகள் எத்தனை பேர்"னு கேட்ட கட்டத்துல ஆட்டைச் சேர்க்கலாமான்னு தம்பி கேக்குறான்.

ஜூலை 27
ஊரணியை பளிச்னு ஆக்கி என்ன பண்ண, அதுக்கு மழைத்தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் அடைஞ்சு கிடக்கு. வி.ஏ.ஓ. ஆபீஸ்ல வரைபடம் வாங்கிப் பார்த்தா கால்வாய் ஓடுற இடத்துல ஒரு பெரியப்பா வீட்டு வண்டி ஏத்துற சிமெண்ட் மேடை. ஜேசிபி ரெண்டு நாள்ல முடிச்ச வேலை, இது ஒரு மாசமா இழுக்குது. நாலு தடவை போயிட்டேன், மூணு தடவை காபி குடுத்தாங்க, நாலாவது தடவை அதுவும் இல்ல. மேடையை இடிக்க வேணாம் பெரியப்பா, அடியில குழாய் போட்டுக்கிறோம்னு சொன்னதுக்கப்புறம்தான் "ம்" சொன்னார்.

ஆகஸ்ட் 31
குழாய் போட்டாச்சு. நிதி கேட்ட இடத்துல இருந்து பதில் வரல, எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்.

அக்டோபர் 19
நாளைக்கு தீபாவளி. ராத்திரி பூரா மழை. விடியக்காலம் ஓடிப் போய்ப் பார்த்தா குழாய் வாயில கேரிபேக்கும் செத்தையும் அடைச்சு தண்ணி ரோட்டுல ஓடுது, இன்னும் பெரிய குழாயா போட்டிருக்கணும், காசு பார்த்தது தப்பு. கையை விட்டு இழுத்ததும் குபுகுபுன்னு உள்ள போச்சு. கலங்கலா, டீ கலர்ல, படித்துறையில ரெண்டு படி ஏறியிருக்கு. வீடியோ எடுக்கலாம்னு போனோட இறங்கினேன், பின்னாடி அப்பத்தா குரல்.

"குடிக்கிற தண்ணிடி, செருப்பைக் கழட்டிட்டு இறங்கு."