கோலாலம்பூருக்குக் குடும்பத்தோடு: முதலில் பள்ளி, பிறகு வீடு

ஊரில் வேலை மாற்றம் வந்தால் முதலில் வீடு பார்ப்போம். பள்ளிக்கூடம் பக்கத்தில் எங்காவது அமைந்துவிடும். கோலாலம்பூருக்கு வரும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். இந்த நகரத்தை நெடுஞ்சாலைகள் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. வரைபடத்தில் பத்துக் கிலோமீட்டர் என்று காட்டும் தூரம், காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். வாடகை ஒப்பந்தமோ குறைந்தது ஓராண்டுக்கு உங்களைக் கட்டிப்போடும். பாஸ் (இங்கே தங்கவும் வேலை பார்க்கவும் தரும் அனுமதி), பள்ளி, வீடு, அப்புறம்தான் தட்டுமுட்டுச் சாமான். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், குழந்தையின் தூக்கமும் போகும்.

இங்குள்ள தமிழர்கள் மலேசிய நாணயமான ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

காகிதங்களும் பெயர்களும்

தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் சிக்கல் இனிஷியலில் தொடங்குகிறது. மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், திருமணச் சான்றிதழில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். நமக்கு இது ஒரே ஆள். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று ஆட்கள். கிளம்புவதற்கு முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே ஏறாமல் இருந்தால் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ போய்ப் பதியுங்கள். சிறு வேறுபாடுகளுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி உறுதிமொழி எடுத்து வையுங்கள். இந்த வேலைகளை இங்கிருந்து செய்வது பெரும்பாடு.

கோயிலில் கொடுக்கும் திருமண ரசீது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். அது தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். சான்றிதழுக்கு எந்த அலுவலகத்தின் சான்றொப்ப முத்திரை வரை தேவை என்பதை உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வந்தவர்கள் மறுபடி விமானம் ஏற வேண்டியிருக்கும்.

வேலை பாஸ், அதாவது எம்ப்ளாய்மெண்ட் பாஸ், சம்பளத்தை வைத்துப் பிரிவுகளாகத் தரப்படுகிறது. கடைசிப் பிரிவு என்றால் குடும்பத்தை அழைத்துவரும் உரிமை கிடைக்காமல் போகலாம். ஆகவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே “எந்தப் பிரிவு, குடும்பத்துக்கு டிபெண்டன்ட் பாஸ் உண்டா” என்று கேளுங்கள். டிபெண்டன்ட் பாஸ் துணைவருக்கும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் உரியது. அப்பா அம்மாவை அழைத்துவர வேறு வகை, நீண்டகால சமூக வருகை பாஸ். டிபெண்டன்ட் பாஸை வைத்துக்கொண்டு துணைவர் வேலைக்குப் போக முடியாது. இரண்டு சம்பளத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கை இப்போதே ஒற்றைச் சம்பளத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வரும் தேதியும் காசுதான்

வருமான வரியில் 182 என்ற எண்ணை மனத்தில் வையுங்கள். ஒரு காலண்டர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் வரிக் கணக்கில் குடியிருப்பவர், வருமானத்துக்கேற்ப ஏறும் படிநிலை விகிதம். குறைந்தால் முதல் வெள்ளியிலிருந்தே 30 விழுக்காடு. ஜூலை முதல் வாரம் தாண்டி வந்திறங்குபவருக்கு அந்த ஆண்டில் 182 சேராது.

இதற்கு ஒரு வழி உண்டு. அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக 182 நாளுக்குக் குறையாமல் இருந்து, அந்தக் காலம் முதல் ஆண்டின் கடைசி நாட்களோடு அறுபடாமல் இணைந்தால், முதல் ஆண்டுக்கும் குடியிருப்பவர் என்ற தகுதி கிடைக்கும். கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இந்த இணைப்பில் சொந்தக் காரணப் பயணத்துக்கு 14 நாள் வரைதான் இடம். டிசம்பர் கடைசியில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்து ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் இணைப்பு அறுந்துபோகும். ஒரு விடுமுறைக்காகப் பல ஆயிரம் வெள்ளி கொடுத்தது போலாகிவிடும். முதல் ஆண்டு மட்டும் பொங்கலை இங்கேயே வையுங்கள், அல்லது பத்து நாளில் திரும்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களைப் படமெடுத்து வைப்பதும் நல்லது.

சம்பளத்தில் இன்னொரு பிடித்தமும் உண்டு. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியர்களும் சேமநிதியில் 2 விழுக்காடு கட்ட வேண்டும். நிறுவனமும் அதே அளவு போடும்.

பள்ளி

அனைத்துலகப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஆண்டைத் தொடங்குகின்றன. நம் ஊரில் ஜூன், சி.பி.எஸ்.இ. என்றால் ஏப்ரல். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் வகுப்பு எண் ஒன்று கூடுதலாகத் தெரியும். நம் நான்காம் வகுப்பு அங்கே ‘இயர் 5’. பிள்ளையை ஒரு வகுப்பு தாண்டிப் போட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம், வயது ஒன்றேதான். இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியையே தேடுங்கள் என்பேன். பத்தாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டில் பாடத்திட்டம் மாற்றுவதைக் கூடுமானவரை தவிருங்கள்.

கட்டணப் பட்டியலை ஆண்டுத் தொகையோடு நிறுத்தாமல் கடைசி வரி வரை படியுங்கள். விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், ஒரு பருவக் கட்டணத்துக்கு நிகரான வைப்புத்தொகை எனத் தனித்தனியாக இருக்கும். முதல் இரண்டும் திரும்பாது. வைப்புத்தொகை திரும்பும், ஆனால் விலகுவதாக ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஊரிலிருந்து மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அறிக்கை, தடுப்பூசி அட்டை ஆகியவற்றை அசலாகக் கொண்டுவாருங்கள்.

தமிழ்ப் பள்ளிகள் இந்த நாட்டில் ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன, ஏழு வயதில் தொடங்கி ஆறாம் ஆண்டு வரை. 1816-இல் பினாங்கில் தொடங்கிய மரபு அது. வெளிநாட்டுப் பிள்ளைகள் சேரக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். சிறு பிள்ளையோடு வருபவர்கள், பக்கத்துத் தமிழ்ப் பள்ளித் தலைமை ஆசிரியரை ஒருமுறை நேரில் பார்த்துக் கேட்கலாம்.

வீடு

இப்போது வீடு. பணம் அதிகம் சிக்குவது இங்கேதான்.

வழக்கம் ‘இரண்டு, அரை, ஒன்று’. இரண்டு மாத வாடகை பிணைத்தொகை, அரை மாதம் மின்சாரம் தண்ணீருக்கான பிணை, ஒரு மாதம் முன்வாடகை. 2,500 வெள்ளி வாடகை என்றால் 5,000, 1,250, 2,500. சாவி வாங்கும் நாளில் மொத்தம் 8,750. வீடு பிடித்ததும் பதிவுத் தொகையாக ஒரு மாத வாடகை கேட்பார்கள். அதுவே முன்வாடகையாகக் கழிய வேண்டும் என்பதை ஒப்புதல் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். பதிவுத் தொகை கொடுத்த பிறகு நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு. ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 வெள்ளி. மேலே சொன்ன வீட்டுக்கு ஆண்டு வாடகை 30,000. ஓராண்டுக்கு 120 வெள்ளி, இரண்டாண்டுக்கு 360. கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரையிட வேண்டும். “முத்திரையெல்லாம் எதற்கு” என்று சொல்லும் முகவரிடம் இணங்காதீர்கள். தகராறு வந்தால் முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் உங்களுக்குத் துணை நிற்காது. முகவரின் கழுத்தட்டையில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பணத்தை முகவரின் சொந்த வங்கிக் கணக்கில் போடவே கூடாது.

இரண்டு விதிகளைக் கேட்டு ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாவது, வேலை போனாலோ நாடு மாற்றினாலோ ஓராண்டுக்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்போடு வெளியேறலாம் என்ற விதி. டிப்ளமேட்டிக் கிளாஸ் (diplomatic clause) என்று கேட்டால் முகவருக்குப் புரியும். இரண்டாவது, பழுதுச் செலவில் எவ்வளவு வரை உங்களுடையது, அதற்கு மேல் யாருடையது என்ற வரம்பு. ஏர்கண்டிஷனரைக் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் பொறுப்பு பெரும்பாலும் வாடகைதாரருடையது. ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். பிணைத்தொகையில் கை வைக்கும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்த ரசீதுகளைத்தான். நுழையும் நாளில் சுவர்க் கறை, கதவுக் கீறல், குளியலறைக் குழாய், மின்மானி எண் எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சாமி படம் மாட்ட ஆணி அடிப்பதற்குக்கூட அனுமதி கேளுங்கள், ஒட்டும் கொக்கி போதும் என்றால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியர்களுக்கு வீடு தர மறுக்கும் வீட்டுக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். சமையல் வாசனை என்பார்கள், வேறு ஏதாவது சொல்வார்கள். மனம் கொதிக்கும். ஆனால் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போய் வாசலில் அவமானப்படுவதைவிட, முகவரிடம் முதல் அழைப்பிலேயே நாங்கள் இந்தியக் குடும்பம், தினமும் சமைப்போம் என்று சொல்லிவிடுங்கள். வீணாக அலைய வேண்டியிருக்காது.

எந்த வட்டாரம் என்று கேட்டால், பள்ளியும் ரயிலும் சொல்லும் இடம். பிரிக்ஃபீல்ட்ஸில் கோயிலும் கடையும் கே.எல். சென்ட்ரல் நிலையமும் காலடியில். செந்தூலில் வாடகை இறங்கும், தமிழ்க் குரலும் குறையாது. பங்சார் சவுத் அலுவலகம் என்றால் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. வழித்தடம், சைபர்ஜெயா என்றால் புத்ராஜெயா எம்.ஆர்.டி. வழித்தடம். ‘நிலையத்துக்கு 600 மீட்டர்’ என்ற விளம்பரத்தை நம்பாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். நடுவில் நெடுஞ்சாலை குறுக்கிட்டால் நடைபாலத்தைத் தேடி இரண்டு மடங்கு நடக்க வேண்டியிருக்கும். ரயிலுக்கும் சுங்கச்சாவடிக்கும் டச் அண்ட் கோ அட்டை ஒன்றே போதும். 50 வெள்ளி மாதச் சீட்டைப் பற்றிப் பலர் சொல்வார்கள், அது மலேசியக் குடிமக்களுக்கானது.

அடுக்குமாடி என்றால் சாமான் ஏற்றும் நாளை நிர்வாக அலுவலகத்தில் முன்பே பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அனுமதி இல்லை. லாரியை வரச் சொல்லிவிட்டு வாசலில் நிற்காதீர்கள்.

சமையலறைச் சாமான்

மின்னழுத்தம் ஊரில் உள்ளதேதான், ஆகவே மிக்ஸி, கிரைண்டர் ஓடும். பிளக்தான் வேறு, மூன்று செவ்வகக் கால். எர்த் துளையில் பேனாவைச் செருகி ஊர் பிளக்கை நுழைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிளக்கையே மாற்றிவிடுங்கள். இங்குள்ள பிளக்கின் உள்ளே ஃபியூஸ் இருக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 5 ஆம்பியர் போதும், கெட்டிலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் 13.

அடுப்பைக் கொண்டுவராதீர்கள், ஊர் ரெகுலேட்டர் இங்குள்ள சிலிண்டரில் பொருந்தாது. பல அடுக்குமாடிகளில் சிலிண்டருக்கே அனுமதி இல்லை, இண்டக்‌ஷன் அடுப்புதான். அதனால் மூட்டை கட்டும்போது கையில் ஒரு காந்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் எடுத்துவையுங்கள். அலுமினிய இட்லிப் பானை, ஈயச் சொம்பு, மண்சட்டி, பித்தளை உருளி எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது. அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் நன்றாக வேலை செய்யும். பருப்பும் இட்லி அரிசியும் மஸ்ஜித் இந்தியா பக்கமும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிடைக்கும், சுமக்க வேண்டாம். கறிவேப்பிலைச் செடி, விதை, மண் எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது.

பட்டுப் புடவைகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆண்டு முழுதும் ஈரக்காற்று. மூடிய அலமாரியில் மூன்றே மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் பேரங்காடிகளில் கிடைக்கும். அலமாரிக்கு ஒன்று வைத்து, தண்ணீர் நிரம்பியதும் மாற்றுங்கள். புடவையைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். தோல் செருப்பு, பெல்ட்டுக்கும் இதே கதி.

ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால், தென்மேற்குப் பருவக் காலத்தில் சில ஆண்டுகள் வரும் புகைமூட்டத்துக்கு முகக்கவசமும் இன்ஹேலரும் தயாராக இருக்கட்டும். காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது என்று பொருள், அன்று வெளி விளையாட்டு வேண்டாம்.

தெருவில்

கடையில் வெறுமனே ‘தே’ என்றால் இனிப்பான கெட்டிப்பாலோடு வரும். பால் வேண்டாம் என்றால் ‘தே ஓ’, பாலும் சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘தே ஓ கோசோங்’. வீட்டுக்குக் கொண்டுபோக ‘புங்குஸ்’ என்று சொல்ல வேண்டும். மலாய்க்காரப் பெரியவரைப் ‘பாக்சிக்’ என்றும் பெண்மணியை ‘மாக்சிக்’ என்றும் அழைத்தால் முகம் மலர்வார்கள். நம்மவர்களிடம் அண்ணே, அக்கா, ஐயா போதும். காலையில் பக்கத்து வீட்டு அக்கா “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டால், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். “ஆச்சுக்கா, நீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். நல்ல மீன் எந்தச் சந்தையில், பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்காரர் யார், எந்தக் கிளினிக்கில் டாக்டர் தமிழ் பேசுவார் என்பதெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியும்.