அரைப் பாலாடை

"சீட்டில் உள்ளபடி கொடுங்கள்."

நான் அவரிடம் சொன்னது அவ்வளவுதான். சொல்லி முடிப்பதற்குள் அவர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். சீட்டு என் மேசை மேலேயே கிடந்தது.

இது நடந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ தவறுகளைப் பார்த்துவிட்டேன், செய்தும் இருக்கிறேன். மன்னார்குடியில் மருந்துக்கடையில் நிற்பவனுக்குத் தவறு புதிதல்ல. ஆனால் மற்றவை எல்லாம் ஆறிப்போயின. இது மட்டும் ஆறவில்லை.

அவர் கேட்டது இப்படி: "இந்தக் காய்ச்சல் மருந்தில் மூன்று பாட்டில் கொடுங்கள் தம்பி."

"மூன்றா?" என்று கேட்டேனா, இல்லையா? பல தடவை இதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சில நாட்களில் கேட்டதுபோல் இருக்கிறது, சில நாட்களில் கேட்கவில்லை. அவர் சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "டாக்டர் 150 மில்லி என்று சொன்னார். பாட்டிலில் 60தான் இருக்கிறது."

கணக்கு சரி. இரண்டரை பாட்டில், ஆகவே மூன்று. கணக்கு சரியாக இருந்ததால்தான் நான் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். யாராவது தப்புக் கணக்குப் போட்டால் உடனே காது விடைக்கும். சரியான கணக்கைக் கேட்டால் கை தானாக அலமாரிக்குப் போய்விடுகிறது. பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். சீட்டில் மருந்தின் பெயரைப் பார்த்தேன், அளவைப் பார்க்கவில்லை. எத்தனை கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.

ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டும்போது சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பிள்ளை. எடை 10 கிலோ. பாரசிட்டமால் 150 எம்ஜி, காய்ச்சல் இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நான் கொடுத்த மருந்தில் அது 3 மில்லிலிட்டர். மூடியின் அடியை நனைத்தால் போதும்.

150 மில்லிகிராம், 150 மில்லிலிட்டர். எங்கள் வாயில் இரண்டும் 150 மில்லி. நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் தலைப்பைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஷட்டருக்கு இந்தப் பக்கம் ஒரே தண்ணீர், அந்தப் பக்கம் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. மில்லி என்பதும் அப்படித்தான் வந்து நிற்கிறது. அதற்கப்பால் லிட்டர், கிராம், மீட்டர் என்று எந்த வாய்க்காலிலும் போகலாம். நாம் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் சொல்கிறோம். கிலோ என்றாலும் வெட்டித்தான் சொல்கிறோம், ஆனால் அங்கே குழப்பமில்லை. கிலோ என்றால் எடை, தூரத்துக்குக் கிலோமீட்டர் என்று முழுதாகச் சொல்லிவிடுவோம். மில்லிக்கு அந்த ஒழுங்கு வரவில்லை. தமிழில் அச்சடித்தாலும் மி.கி., மி.லி. என்று ஓர் எழுத்துத்தான் வேறுபாடு.

அவர் ஆழாக்கு என்று சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன். பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் பித்தளை ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். 160க்குச் சற்று மேல் பிடித்தது. அதாவது 150 மில்லி என்பது கிட்டத்தட்ட ஓர் ஆழாக்கு. "பிள்ளைக்கு ஓர் ஆழாக்கு காய்ச்சல் மருந்து" என்று யாராவது கேட்டால் கடையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். 150 மில்லி என்றால் யாரும் திரும்பவில்லை, நான் உட்பட.

சீட்டில் ஊர்ப் பெயர் இருந்தது. வடுவூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். கைபேசி எண் இல்லை. மருத்துவர் கிளம்பிவிட்டார். ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஏன் சிரிஞ்சை எடுத்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

தை மாதம், சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தில் நெல் கிடக்கிறது, காவலுக்குப் போக வேண்டும் என்று அவசரத்தில் அவர் சொன்னது வழியில்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே முதலில் அங்கே போனேன். குவியல் குவியலாக நெல், மேலே தார்ப்பாய், பக்கத்தில் போர்வைக்குள் மனிதர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், பனியில் நனைந்தால் ஒரு புள்ளி ஏறிவிடும் என்று அவரவர் நெல்லுக்கு அவரவர் கண்விழித்துக் கிடந்தார்கள். ஒரு புள்ளிக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் மனிதர் மருந்து அளவில் இப்படியா அசட்டையாக இருப்பார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அசட்டையாக இருந்தது யார் என்பதை அந்த நேரத்தில் மறந்திருந்தேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறியது. பயத்தால் அல்ல.

"ஒரே வேளையில் ஊற்றுவோம் என்று நினைத்தீர்களா தம்பி? மொத்தம் அவ்வளவு கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்."

இதற்கு என்ன பதில்? நானே பதறி, நானே இருட்டில் ஓடிவந்து, நானே ஆறுதல் அடைந்த கதையாக இது முடிந்திருக்கலாம். அவர் சொன்னது நியாயம். ஒன்றரை வயதுப் பிள்ளையின் வாயில் இரண்டரை பாட்டில் மருந்தை ஊற்ற யாருக்கும் கை வராது. மனிதர்களுக்குக் கண் இருக்கிறது. நாம் நினைக்கிற அளவுக்கு அவர்கள் எண்ணை நம்புவதில்லை. இப்படி நான் பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவரோடு வீட்டுக்குப் போனேன்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை, காய்ச்சல் விட்டிருந்தது. அப்பாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு ஒரு வேளை கொடுத்ததாகச் சொன்னார்.

"எவ்வளவு கொடுத்தீர்கள் பாட்டி?"

"அரைப் பாலாடை."

பாலாடையைக் கொண்டுவரச் சொன்னேன். பிள்ளைக்குப் பால் புகட்டும் பழைய வெள்ளிப் பாலாடை, மூக்கு நுனி தேய்ந்து மெலிந்திருந்தது. உட்புறம் நடுவில் ஒரு பூ வேலைப்பாடு. அந்தப் பூவின் அடிவரை என்று விரலால் தொட்டுக் காட்டினார். போன மாதம் வேறொரு டாக்டர் குழாயில் அளந்து காட்டினாராம். வீட்டுக்கு வந்து அந்த அளவைப் பாலாடையில் ஊற்றிப் பார்த்து, பூவை அடையாளம் வைத்துக்கொண்டாராம். மூடியில் கொடுத்தால் பாதியைத் துப்பிவிடுகிறது, பாலாடை என்றால் மடியில் போட்டுப் புகட்டலாம் என்றார்.

பூவின் அடிவரை தண்ணீர் ஊற்றி, சிரிஞ்சால் உறிஞ்சினேன். 5 நிறைந்தது. தரையில் பீய்ச்சிவிட்டு மறுபடி உறிஞ்சினேன். 1. மொத்தம் 6 மில்லி. துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம்.

அப்போதுதான் மாடக்குழியில் பழைய பாட்டிலைப் பார்த்தேன். காலியாக இருந்தது. எடுத்து லேபிளைப் படித்தேன். 5 மில்லியில் 125. நான் அன்று மாலை கொடுத்தது 5 மில்லியில் 250.

பழைய மருந்தில் 6 மில்லி என்றால் 150 மில்லிகிராம். சீட்டில் இருப்பது அதேதான். அந்தப் பாட்டியின் பூ சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. என் மருந்தில் அதே 6 மில்லி 300. அவர் தவறு செய்யவில்லை, மகனும் செய்யவில்லை. சீட்டில் எந்த வீரியம் என்று மருத்துவர் எழுதவில்லை, அது அவர் பாடு. கைக்கு எட்டியது 250, எடுத்துக் கொடுத்தேன். அதைச் சொல்ல வேண்டியவன் நான். மில்லிக்கு வால் இல்லாததைப் பற்றி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஒரு வேளை அப்படிப் போனதால் 10 கிலோப் பிள்ளைக்குக் கேடு வராது என்று எனக்குத் தெரியும். நான்கு வேளை, மூன்று நாள் என்று போயிருந்தால் பேச்சு வேறு. அந்த மருந்து அளவு மீறினால் கல்லீரலைத்தான் பிடிக்கும்.

என்ன சொன்னேன்? "அரை வேண்டாம் பாட்டி, கால் பாலாடை போதும். விடிந்த பிறகும் காய்ச்சல் இருந்தால் மட்டும் கொடுங்கள்" என்றேன். சிரிஞ்சில் 3 வரை அளந்து ஊற்றி, எங்கே வரும் என்று காட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். இந்த இருட்டில் இவ்வளவு தூரம் வந்தீர்களே தம்பி என்று அப்பாயி மோர் கொடுத்தார். குடித்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வினோதப் பழக்கம் தொற்றிக்கொண்டது. இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடித் தேடிப் படித்தேன். மில்லி, இலத்தீனில் ஆயிரம். கிலோவும் ஆயிரம்தான், கிரேக்கத்தில். 1795இல் பிரான்சில் சட்டம் போட்டபோது, பெருக்குவதற்குக் கிரேக்கம், வகுப்பதற்கு இலத்தீன் என்று பிரித்துவிட்டார்கள். அதனால் ஓர் ஆயிரம் மேலே போயிற்று, ஓர் ஆயிரம் கீழே போயிற்று. அதே இலத்தீன் ஆயிரம் மில்லியன் என்ற சொல்லில் மேலே ஏறிப் பத்து லட்சமாகிவிடுகிறது. மரவட்டைக்கு ஆங்கிலத்தில் ஆயிரங்காலி என்று பொருள்படும் பெயர், அதிலும் இந்த மில்லிதான். உண்மையில் ஆயிரம் காலுக்கு மேல் உள்ள ஒன்று 2021இல்தான் அறிவிக்கப்பட்டது, ஆஸ்திரேலியாவில், 1306 கால்கள். பூரானின் ஆங்கிலப் பெயரில் இருப்பது நூறு. நாம் மனை விற்கும் சென்டும் அதே நூறுதான், ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு. வயலை அளக்கும் நம் மாவும் அந்த ஜாதிதான். மா என்றால் இருபதில் ஒன்று, ஒரு வேலிக்கு இருபது மா. வயலில் நிற்பவர் யாரும் அதைப் பின்னம் என்று நினைப்பதில்லை.

கிராமில் இன்னொரு வேடிக்கை. உளுந்து மூட்டையில் பிளாக் கிராம் என்று அச்சடித்திருப்பதை, சின்ன வயதில் ஏதோ கறுப்பு எடை என்று நினைத்திருந்தேன். அந்தக் கிராம் தானிய மணியைக் குறிக்கும் இலத்தீன் சொல், போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எடை கிராம் வேறு வம்சம், கிரேக்கம். அங்கே அதற்கு முதலில் எழுத்து என்றுதான் பொருள், பிறகுதான் சிறு எடை. பழைய மருந்துக்கடைகளில் தானிய மணியின் பெயரிலேயே ஓர் எடை இருந்தது, கிரெயின், சுமார் 65 மில்லிகிராம். பாரசிட்டமால் மாத்திரை 650 என்று வருவது பத்து மணியின் கணக்கு.

இதையெல்லாம் கடையில் உதவிக்கு வரும் பையன்களிடம் சொல்வேன். ஆர்வமாகக் கேட்பார்கள். மருந்துக்கடையில் வேலை செய்பவனுக்குச் சொற்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், மில்லி என்று யாராவது சொன்னால் எந்த மில்லி என்று கேட்க வேண்டும் என்பேன். அந்த இரவையும் சொல்வேன். மூன்று பாட்டில், நெல் குவியல், சிரிஞ்சு வரை சொல்வேன். 125, 250 பற்றிச் சொன்னதில்லை. கதை நன்றாக இருப்பது மில்லியில்தான். ஆனால் பிள்ளையின் வயிற்றுக்குள் போனது மில்லியால் வந்த பிழை அல்ல. லேபிளில் எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. லிட்டரும் கிராமும் வாலோடு இருந்தன.

ஒருவேளை சொற்களைத் தேடிப் போனதே அதற்காகத்தானோ என்னவோ. 1795 வரை போனால் பழியை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வரலாம். இதையும் நம்ப முடியவில்லை, எனக்கு அந்தச் சொற்கள் உண்மையாகவே பிடித்திருக்கின்றன.

இப்போது ஒவ்வொரு பாட்டிலிலும் பேனாவால் அளவை எழுதிக் கொடுக்கிறேன். வீரியம் மாறினால் வாய்விட்டுச் சொல்கிறேன். பாதிப் பேர் காதில் வாங்குவதில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பாட்டி கடைக்கு வந்தார். பேரனுக்கு மறுபடி காய்ச்சல். பையன் வளர்ந்துவிட்டான், சீட்டில் 210 எம்ஜி என்று இருந்தது. என்னிடம் அன்று 125தான் இருந்தது. 8.4 வருகிறது, எட்டரைக்குக் கொஞ்சம் குறைவு, பூவுக்கு மேலே வரை ஊற்ற வேண்டியிருக்கும் பாட்டி என்றேன்.

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்றைக்குக் கால் பாலாடை போதும் என்றீர்களே தம்பி? அப்போது சின்னப் பிள்ளை, சரி. ஆனாலும் காலுக்கும் இதற்கும் ரொம்ப தூரம் இருக்கிறதே."

பின்னால் இரண்டு பேர்தான் நின்றார்கள். நேரம் இருந்தது.

"அது வேறு மருந்து பாட்டி" என்றேன்.