காரைக்குடியில் பூ வாங்கப் போய் உட்கார்ந்த கதை

செட்டிநாடு போகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றித்தான் எழுதுவார்கள், நானும் அதற்குத்தான் போனேன். ஆனால் காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் பூ வாங்கப் போன கடையிலேயே பாதிப் பொழுது கழிந்துவிட்டது.

கடைக்காரர் மூன்றாம் தலைமுறை. ஆரம்பித்தது அவருடைய அப்பத்தா. அப்போது கடை ஏது, தலையில் கூடை, செட்டியார் வீடுகளுக்கு வாடிக்கைப் பூ. சாமிக்குத் தனி, ஆச்சிமார் கொண்டைக்குத் தனி, காசு மாசக் கடைசியில். 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கே லேவாதேவி செய்த குடும்பங்கள் பலவும் ஆட்டம் கண்டன. அப்புறம் பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று கிளம்ப, தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக்கொண்டன. "வீட்டுக்குத்தான் பூ குடுக்கலாம், பூட்டுக்கா குடுக்க முடியும்ணே?" என்று கேட்டார். அவருடைய அப்பாதான் கூடையை இறக்கிவைத்துக் கடை போட்டவர்.

மல்லிகை மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மொட்டாக வருகிறது. மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை எகிறும். கட்டுவது அவருடைய அக்கா. நனைத்த வாழைநாரில் இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, விரலில் ஒரு சுழற்று, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் உதிர்ந்துவிடும், ஆனால் அந்த அம்மா பூவைப் பார்க்காமலே என்னோடு பேசிக்கொண்டு கட்டுகிறார்.

எனக்குப் பிடித்தது ஆவாரம்பூ சமாசாரம். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு, கடைசி நாள் இழை எடுக்கும்போது, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியைச் சுடரோடு விழுங்கும்போது, ஆவாரம்பூ வேண்டும். பொட்டல்காட்டில் சும்மா பூத்துக் கிடப்பதுதான், ஆனால் வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் எங்கே போய்ப் பறிப்பார்கள்? இவர் மொபெட்டில் போய்ப் பறித்து வருகிறார். அதற்குக் காசு வாங்க முதலில் கூச்சமாக இருந்ததாம்.

இப்போது கடையைத் தாங்குவது அறுபதாம் கல்யாணங்கள். சென்னையில் இருந்தாலும் சாந்தி (அறுபதாம் கல்யாணத்துக்கு இங்கே அதுதான் பேர்) சொந்த வீட்டில்தான் என்று பலர் வருகிறார்கள், மாலைக்கான படம் வாட்ஸ்அப்பில் முன்னாலேயே வந்துவிடுகிறது. ரோஜா இதழை உரித்துக் கோத்த கனத்த மாலைகள்தான் அதிகம் கேட்கிறார்களாம். எனக்கென்னவோ சம்பங்கியும் மரிக்கொழுந்தும் சேர்ந்த பழைய மாலைதான் அழகு.

போனால் சாயங்காலம் போங்கள், மொட்டு விரியத் தொடங்கும் நேரம். அக்காவிடமே முழம் போடச் சொல்லுங்கள், தம்பியைவிட அவருக்குக் கை நீளம்.