நெப்ராஸ்காவில் ஒரு மூலப்பத்திரம் தேடிய அனுபவம்

நெப்ராஸ்காவில் நாங்கள் வாங்கியிருக்கும் வீட்டுமனைக்கு மூலப்பத்திரம் வரை தேடிப் பார்க்க விரும்புகிறேன் என்று சொன்னபோது, பத்திரத் தேடல் முகவர் 1880களில் எழுதப்பட்ட கிரையப் பத்திரம் ஒன்றை எடுத்துப் போட்டு, அதற்கு முன்னால் எதுவும் கிடையாது என்று பேச்சை முடித்துக்கொண்டார். முன்னால் இருந்தது. அமெரிக்க அரசு முதல் குடியேறிக்கு எழுதிக் கொடுத்த பட்டா இருந்தது. அந்தப் பட்டாவுக்கு அடிப்படையான ஹோம்ஸ்டெட் கோப்பும், அதாவது குடியிருந்து பயிரிடுவோருக்கு அரசு நிலம் வழங்கிய திட்டத்தின் கோப்பும், முழுதாக இருந்தது. அவற்றைக் கண்டடைய ஆன செலவில் பெரும்பகுதி, அதே முகவர் தட்டச்சு செய்து கொடுத்த ஓர் எழுத்தால் வந்த வீண் செலவு என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

இந்தக் கோப்புகளைத் தேடத் தெருப் பெயரும் கதவு எண்ணும் பயன்படா. விடுதலைக்குப் பின் கடனில் மூழ்கியிருந்த அரசு, மேற்கு நிலங்களை அளந்து விற்பதற்காக 1785இல் கொண்டுவந்த நிலச் சட்டத்தின் அளவு முறைதான் இன்றும் பத்திரங்களில் இருக்கிறது. பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப்; அதற்குள் 36 செக்‌ஷன்கள்; ஒவ்வொன்றும் 640 ஏக்கர்; அதில் கால் பங்கான 160 ஏக்கர்தான் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒருவருக்கு ஒதுக்கிய உச்ச அளவு. அளவைக்கு ஆதாரமாக வடக்கு தெற்காக வரைந்த கோடு நடுக்கோடு; டவுன்ஷிப் அதிலிருந்து எத்தனையாவது வரிசையில், எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ரேஞ்ச் எண் சொல்லும். எங்கள் நிலம் ஆறாம் நடுக்கோட்டுக்கு மேற்கே மூன்றாம் ரேஞ்ச். முகவர் கொடுத்த சுருக்கத்திலோ கிழக்கே மூன்றாம் ரேஞ்ச் என்று இருந்தது.

நடுக்கோட்டிலிருந்து வெகுதொலைவில் இருப்பவர்களுக்கு இத்தகைய பிழை உடனே பிடிபட்டுவிடும். எங்களைப் போல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரு புறமும் அதே எண்ணில் ரேஞ்ச் உண்டு, அதே எண்ணில் செக்‌ஷனும் உண்டு. ஆகவே நில மேலாண்மைப் பணியகத்தின் இணையத் தேடலும் தடையின்றி ஒரு பெயரைத் தந்தது. அந்தப் பெயருக்குரிய கோப்பின் நகலை முகவர் வழியாகவே, அவருடைய சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டி வரவழைத்தேன். சாட்சிகளின் வாக்குமூலத்தில் ஓடைக் கரையில் வீடு என்றும், ஓடையோரம் பருத்திப் பாப்புலர் மரங்கள் என்றும் எழுதியிருந்தது. எங்கள் நிலம் தோசைக்கல்லைப் போல் தட்டை. ஓடை என்று சொல்ல ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான், எங்களுக்கு நேர் கிழக்கே 30 மைல் தொலைவில் இருந்த யாரோ ஒருவருடைய பூர்வீகத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பது புரிந்தது. முகவர் அதைத் தட்டச்சுப் பிழை என்று ஒப்புக்கொண்டார். பணம் மட்டும் திரும்பி வரவில்லை. சுருக்கத்தை நம்பாமல், பதிவேட்டின் மூலப் பக்கத்தையே கேட்டு வாங்கி, ரேஞ்ச் எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்தை (கிழக்குக்கு E, மேற்குக்கு W) வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

செக்‌ஷன் எண் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதையும் முதலிலேயே பாருங்கள். ரயில் பாதை போடும் நிறுவனங்களுக்கு 1862, 1864ஆம் ஆண்டுச் சட்டங்கள் பாதையின் இரு புறமும் ஒற்றைப்படை செக்‌ஷன்களை வாரிக் கொடுத்தன. அவற்றுள் ஒன்று உங்களுடையதானால் ஹோம்ஸ்டெட் கோப்பைத் தேடுவதே வீண். ரயில் நிறுவனம் எழுதிக் கொடுத்த கிரையத்தைத்தான் தேட வேண்டும். எங்களுடையது நல்லவேளையாக இரட்டைப்படை.

சரியான பட்டா அதன்பின் சில நிமிடங்களில் கிடைத்துவிட்டது. ஒரே கோப்புக்கு விண்ணப்ப எண், இறுதிச் சான்றிதழ் எண் என்று இரண்டு உண்டு. பட்டா பெற்றவரின் கோப்பைத் தேட வேண்டியது இறுதிச் சான்றிதழ் எண்ணையும் நில அலுவலகத்தின் பெயரையும் கொண்டுதான். நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகள் மின்வடிவமாக்கப்பட்டுள்ளன என்பதையும், பியாட்ரிஸ் நகருக்கு அருகிலுள்ள ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவில் அவற்றைக் காசில்லாமலே பார்க்கலாம் என்பதையும் முகவர் எனக்குச் சொல்லவில்லை. அங்கே போய் உட்கார்ந்த அன்றே வேலை முடிந்தது.

கோப்பைத் திறந்ததும், மனைக்கு முதல் உரிமையாளர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் போரிட்டுத் திரும்பியவர் என்று தெரிந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டாயமாகக் குடியிருக்க வேண்டிய ஐந்தாண்டுகளில் போர்க்களத்தில் கழித்த காலத்தை அவர் கழித்துக்கொண்டிருக்கிறார். தெற்கு மாநிலங்களின் எதிர்ப்பால் தடைபட்டுக் கிடந்த ஹோம்ஸ்டெட் மசோதா, அவை பிரிந்து போனபின்தான் நிறைவேறி 1862 மே 20 அன்று லிங்கனின் கையொப்பத்தைப் பெற்றது. அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. புல்தரையை வேரோடு கட்டிகளாக வெட்டி அடுக்கிய வீடு, ஒரு கதவு, இரண்டு சன்னல்கள், ஒரு கிணறு, உழுத நிலம் நாற்பது ஏக்கர் என்று அண்டை வீட்டார் இருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கையொப்பமிட்டிருக்கிறார், மற்றவர் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பேனா அந்தக் குறியில் அழுந்தித் தாளில் மை பரவியிருப்பது திரையிலும் தெரிகிறது.

வெளிநாட்டில் பிறந்த குடியேறிகளின் கோப்புகளில் குடியுரிமைச் சான்றின் நகலும் இருக்கும். பூர்வீகம் தேடுவோர் அதைத் தவறவிடக் கூடாது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை என்றது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டார்கள். இந்தியர்களுக்கு 1946இல்தான் வழி திறந்தது. அந்தக் காலத்தில் நான் இங்கே வந்திருந்தால் பட்டாவுக்கு மனுப்போடவே தகுதி இருந்திருக்காது.

மூலப்பத்திர வரிசையின் முதல் வரியில் ‘ஐக்கிய அமெரிக்க நாடுகள்’ என்றுதான் இருக்கிறது. பிளாட் ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலத்தை அந்த மண்ணின் பூர்வகுடிகளான பானி மக்கள் 1833 ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்த விவரம் எந்தப் பத்திரத்திலும் கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் ஒப்பந்தத் தொகுப்பைத் தனியே பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பட்டா பெற்றவர்கள் மட்டுமே இணையத் தேடலில் வருவார்கள். எங்கள் கால் செக்‌ஷனை அந்தப் போர்வீரருக்கு முன்பே வேறொருவர் பதிவுசெய்து, பின்னர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பது நில அலுவலகப் பேரேட்டின் படத்தை வரிவரியாகப் படித்தபோதுதான் தெரியவந்தது. ரத்தான பதிவுகளுக்கும் கோப்பு உண்டு. அவற்றை விண்ணப்ப எண்ணைக் கொண்டு கேட்க வேண்டும். அந்தக் கோப்புக்கு மனு அனுப்பியிருக்கிறேன், இம்முறை முகவர் யாரும் இல்லாமல்.