மோதல் தடுப்புத் தாள்: நடக்காத போர்களைப் படியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, தேறிவிட்டேன். கோட்பாட்டுத் தாளில் போட்டிருக்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்தப் பேச்சை எடுத்தால் இது புலம்பலாகிவிடும், விடுங்கள். மோதல் தடுப்பும் அமைதிக் கட்டமைப்பும் தாளில் மட்டும் நினைத்ததற்கு மேலே கிடைத்தது. அதற்கு எப்படிப் படித்தேன் என்பதை, அடுத்து இந்தத் தாளை எழுதப்போகிறவர்களுக்காகச் சூட்டோடு சூடாக எழுதிவைக்கிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும்.

சொல்ல வந்தது ஒன்றுதான்: நடக்காத போர் ஒன்றை, அதாவது மூளும் நிலைக்கு வந்து தடுக்கப்பட்ட ஒன்றை, அடிவரை படித்து வையுங்கள்.

எல்லோரும் ருவாண்டா எழுதுகிறார்கள். 1994 ஜனவரி 11இல் அங்கிருந்த ஐ.நா. படைத் தளபதி டலேர் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு அனுப்பிய எச்சரிக்கைத் தந்தி, ஆயுதக் கிடங்குகளைச் சோதனையிட அனுமதி மறுப்பு, ஏப்ரலில் படையை 270 பேராகக் குறைக்க எடுத்த முடிவு, சுமார் 100 நாளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொலை. எல்லாம் சரி, தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் கேள்வி "தடுப்பு ராஜதந்திரம் எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்கும்போது, அது வேலை செய்யாத கதையை மூன்று பக்கம் எழுதி என்ன பயன்? ருவாண்டாவுக்கு ஒரு பத்தி போதும்.

நான் பிடித்துக்கொண்டது பீகிள் கால்வாய்ப் பிரச்சினையை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் பிக்டன், நூயேவா, லென்னாக்ஸ் என்று மூன்று சின்னத் தீவுகள், அர்ஜென்டினாவும் சிலியும் உரிமை கேட்டவை. 1977இல் நடுவர் தீர்ப்பு அவற்றைச் சிலிக்குக் கொடுத்தது. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அந்தத் தீர்ப்பே செல்லாது என்றது. இரு நாட்டிலும் ராணுவ ஆட்சி. அந்த டிசம்பரில் அர்ஜென்டினக் கப்பல்கள் கிளம்பியே விட்டன. கடைசி நேரத்தில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலின் தலையீட்டை இரு தரப்பும் ஏற்றன. அவர் பதவிக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான். அவர் அனுப்பிய கர்தினால் அந்தோனியோ சமோரே இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் போய்வந்தார். 1979 ஜனவரி 8இல் மொன்டேவீடியோவில் கையெழுத்து. பலத்தைப் பயன்படுத்த மாட்டோம், படைகளை 1977 தொடக்கத்தில் இருந்த நிலைக்குத் திருப்புவோம், மத்தியஸ்தம் வேண்டும் என்று கேட்கிறோம். இவ்வளவுதான் ஒப்பந்தம். தீவுகள் யாருக்கு என்று அதில் ஒரு வரி கிடையாது.

பலர் இங்கேயே கதையை முடித்துவிடுகிறார்கள். ருசியே இதற்கு அப்புறம்தான். 1980 டிசம்பரில் போப் ஒரு தீர்வை முன்வைத்தார். சிலி ஒப்புக்கொண்டது, அர்ஜென்டினா இழுத்தடித்தது. 1982இல் ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினா தோற்றது, 1983இல் தேர்தல் வந்தது, ராணுவ ஆட்சி போனது. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே சமோரே இறந்துவிட்டார். புதிய அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது, பெருவாரியானவர்கள் ஆதரித்தார்கள். 1984 நவம்பர் 29இல் வாத்திகனில் அமைதி, நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆக, மத்தியஸ்தர் அந்த டிசம்பரில் தீர்வு எதையும் கொடுக்கவில்லை. காலத்தைக் கொடுத்தார். தீர்வை ஏற்கக்கூடிய ஆட்சி வர ஐந்து ஆண்டு ஆனது.

இந்தக் கதையை நான்கு கேள்விகளாக உடைத்து வைத்திருந்தேன்:

ஆபத்து எப்படித் தெரிந்தது?
யார் நுழைந்தார், இரு தரப்பும் அவரை ஏன் உள்ளே விட்டன? (இரண்டும் கத்தோலிக்க நாடுகள், போப்பிடம் இறங்கிப்போனால் எந்தத் தளபதிக்கும் மானம் போகாது.)
அவர் கையில் என்ன இருந்தது?
பிறகு எது மாறியது?

எந்த மோதலைக் கொடுத்தாலும் இந்த நான்கில் போட்டு எழுதலாம். மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போரைப் போட்டுப் பாருங்கள்: கடும் வறட்சி, இரு தரப்பும் களைத்த நிலை, நடுவில் சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்க அமைப்பு, 1992 அக்டோபர் 4இல் ரோமில் ஒப்பந்தம். மோதல் ஆய்வாளர் சார்ட்மன் சொல்லும் "இரு பக்கமும் வலிக்கும் தேக்கநிலை" (யாராலும் ஜெயிக்க முடியாது, இருவருக்கும் அடி) தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கோட்பாட்டைத் தனியாக உருப்போட வேண்டியதில்லை. எனக்குப் பட்டியல் மனதில் தங்காது, கதை தங்கும். பட்டியல் தங்குகிறவர்கள் உங்கள் வழியில் போங்கள்.

இனி வாய்மொழித் தேர்வு. பீகிள் கதையை நான் பெருமையாகச் சொல்லி முடித்ததும், அதுவரை பேசாமல் இருந்த தேர்வாளர் ஒருவர் கேட்டார்: "தலையிடாமல் இருந்திருந்தால் போர் வந்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இந்தத் தாளின் உயிரே இந்தக் கேள்விதான். பீகிளில் பதில் சுலபம், படைகளுக்கு உத்தரவு போயிருந்தது. பதில் சுலபமில்லாத எதிர்முனைக்கு மாசிடோனியாவையும் தயாராக வைத்திருந்தேன். 1992 டிசம்பரில் பாதுகாப்புச் சபை அங்கே முன்னெச்சரிக்கையாகப் படை அனுப்ப அனுமதி கொடுத்தது. சண்டை வருவதற்கு முன்பே ஐ.நா. படை நிறுத்தியது அதுவே முதல் முறை. 1999 ஜனவரியில் மாசிடோனியா தைவானோடு உறவு வைத்தது, பிப்ரவரியில் படையின் காலத்தை நீட்டிக்க விடாமல் சீனா வீட்டோ போட்டது, படை திரும்பியது. 2001இல் அங்கே ஆயுத மோதல். "படை போனதால்தான் மோதல் வந்தது என்பீர்களா?" என்றார். மாட்டேன், இடையில் கொசோவோ போர் நடந்து எல்லைக்கு அப்பால் நிலைமையே மாறிவிட்டது, இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மதிப்பெண்ணில் தெரிந்தது.

உருப்போட்டே ஆகவேண்டியவை, வேறு வழியில்லை:

ஐ.நா. சாசனத்தின் 33ஆம் விதி, தகராறைத் தீர்க்கும் அமைதி வழிகள்: பேச்சுவார்த்தை, விசாரணை, மத்தியஸ்தம், சமரசம், நடுவர் தீர்ப்பு, நீதிமன்றம், பிராந்திய அமைப்புகள்.
99ஆம் விதி: அமைதிக்கு ஆபத்து என்று கருதுவதைப் பொதுச்செயலாளரே பாதுகாப்புச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். 2023 டிசம்பரில் பொதுச்செயலாளர் குட்டெரெஸ் காசா தொடர்பாக இதைப் பயன்படுத்தினார், புது உதாரணம்.
1992இல் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலி வெளியிட்ட "அமைதிக்கான செயல்திட்டம்".
பெண்கள் பங்கேற்பு பற்றிய பாதுகாப்புச் சபைத் தீர்மானம் 1325, ஆண்டு 2000.
ஐ.நா.வின் அமைதிக் கட்டமைப்பு ஆணையம், 2005.

அமைதி ஆய்வாளர் கால்டுங்கின் எதிர்மறை அமைதி (நேரடி வன்முறை இல்லை), நேர்மறை அமைதி (அமைப்பிலேயே ஊறிய அநீதியும் இல்லை) பற்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். லெடராக்கின் பிரமிடு (மேல்மட்டத் தலைவர்கள், நடுமட்டம், அடித்தட்டு மக்கள்) கேட்டால் மட்டும்.

பேச்சுக்கு வசதி மட்டும் செய்து கொடுப்பவருக்கும், தீர்வையும் முன்வைக்கும் மத்தியஸ்தருக்கும் வேறுபாடு கேட்டால் இலங்கையில் நார்வே (2002 பிப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தம்), கேம்ப் டேவிடில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே அமெரிக்க அதிபர் கார்ட்டர் (1978) என்று இரண்டையும் எதிரெதிரே வைக்கலாம். கார்ட்டர் தரப்பு தானே வரைவை எழுதி இரு பக்கமும் கொண்டுபோய்த் திருத்தித் திருத்தி 13 நாளில் முடித்தது. நார்வேயிடம் அந்தப் பிடியும் இல்லை, பின்னால் அந்தப் பலமும் இல்லை. ஒரு எச்சரிக்கை: தமிழ் பேசுகிற யாருக்கும் இலங்கையை ஆறு வரியில் நிறுத்துவது கஷ்டம். பேனா ஓட ஆரம்பித்தால் மற்ற கேள்விகளுக்கு நேரம் போய்விடும்.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பரிந்துரை கேட்கும் கேள்வியில் "சர்வதேசச் சமூகம் ஒன்றிணைய வேண்டும்" என்று எழுதாதீர்கள், ஐ.நா. பல் பிடுங்கிய பாம்பு என்றும் முடிக்காதீர்கள். யார், எந்த விதியின் கீழ், எதை வைத்துப் பேச வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கென்யாவை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்: 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கலவரம், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சார்பில் கோஃபி அன்னான் தலைமையில் குழு, 2008 பிப்ரவரி 28இல் உடன்பாடு, கிபாகி அதிபராகத் தொடர, எதிர்த்துப் போட்டியிட்ட ஒடிங்காவுக்காகப் பிரதமர் பதவி உருவாக்கம். உங்கள் பரிந்துரையும் இந்த அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கேள்வியைத் தொடாமல் வேறொன்றை எடுங்கள்.